அம்மம்மாவின் பாக்கும் அண்ணாவின் குளிசையும்

அண்ணாவுக்குத் தேத்தண்ணியை அரைக் கோப்பைதான் ஊற்றுவோம். நிறைய ஊற்றினால் பாதி சாரத்தில் சிந்திவிடும். மனச்சிதைவுக்குக் குளிசை போடத் தொடங்கி 14 வருடம். காதில் கேட்ட குரல்கள் அடங்கின, கைநடுக்கம் வந்து சேர்ந்தது. நடுக்கத்துக்கு இன்னொரு குளிசை. அதைப் போட்டால் வாய் காய்கிறது.

1952இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த காலம்தொட்டு இந்த நோய்க்கு வந்த மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற இரசாயனத்தை மறிப்பவைதான். உடம்பை அசைக்கவும் அதே டோபமின்தான் வேண்டும். நடுக்கம் வராமல் என்ன செய்யும்?

2024 செப்டெம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கோபென்ஃபி என்ற மனச்சிதைவு மருந்து டோபமின் ஏற்பிகளை, அதாவது அந்த இரசாயனம் வந்து ஒட்டும் இடங்களை, மறிப்பதில்லை. அசிட்டைல்கோலின் என்ற வேறொரு இரசாயனத்துக்குரிய மஸ்கரினிக் ஏற்பிகளில் எம்1, எம்4 என்ற இரண்டையும் தூண்டுகிறது. அதிலுள்ள சானோமெலின் எங்கிருந்து வந்தது என்று வாசித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாக்கில் இருக்கிற அரிகோலினை மாதிரியாக வைத்துச் செய்த மருந்தாம்!

உப்புவெளி வீட்டு விறாந்தையில் அம்மம்மா பாக்குவெட்டியோடு இருப்பா. எட்டு வயதில் ஒரு துண்டு பச்சைப் பாக்கைக் களவாக மென்றேன். நெற்றியெல்லாம் வியர்வை, வாய் நிறைய எச்சில், தலைசுற்று. "பாக்குச் சொக்கிட்டுது பிள்ளை, தண்ணியைக் குடி" என்றா.

அந்தச் சொக்கல்தான் சானோமெலினையும் முடக்கிப்போட்டது. 1990களில் அல்சைமர் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இல்லாததைக் காண்பதும் சந்தேகமும் குறைந்தன. ஆனால் வாந்தி, வியர்வை தாங்காமல் பலர் இடையில் விட்டுவிட்டார்கள். பிறகு அதோடு ட்ரோஸ்பியத்தைச் சேர்த்தார்கள். அடிக்கடி சிறுநீர் போகிறவர்களுக்குக் கொடுக்கும் பழைய மருந்து, மூளைக்குள் பெரிதாகப் போகாது. வயிற்றிலும் சுரப்பிகளிலும் மட்டும் அந்த ஏற்பிகளை மறித்து வைக்கும். நல்ல யோசனை. அப்படியும் குமட்டல், மலச்சிக்கல், நாடித்துடிப்பு கூடுவது எல்லாம் உண்டு. எம்4ஐக் குறிவைத்து வந்த எம்ராக்ளிடின் என்ற இன்னொரு மருந்து 2024 நவம்பரில் பரிசோதனையில் தோற்றுப்போனது. ஆகவே நான் துள்ளவில்லை. கோபென்ஃபியின் விலையும் 2024இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் மாதம் ஏறக்குறைய 1,850 டொலர். அண்ணாவுக்கு இப்போது கிளினிக்கில் குளிசை இலவசம்.

(இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்திப் பாக்குப் போட வேண்டாம். வாய்ப் புற்றுநோய் வரும்.)

அண்ணாவிடம் முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"வெறும் வயிற்றிலே, ரெண்டு நேரம். போட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் சாப்பிடலாம்."

"அப்ப சரிவராது. எழும்பின உடனே எனக்குப் பிட்டு வேணும்."