சைபர் செக்யூரிட்டி வகுப்பும் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையும்

ஜூலை 3

இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டி பேப்பர் இன்று தொடங்கியது. தகவலை அடுத்தவன் பார்க்கக் கூடாது, திருத்தக் கூடாது, வேண்டியவனுக்கு வேண்டிய நேரத்தில் கிடைக்கவும் வேண்டும். மொத்தப் பாடமும் இந்த மூன்றுதான் என்றார் சார். முதல் இரண்டுக்கு ஆளாளுக்கு உதாரணம் சொன்னோம். மூன்றாவதற்கு, மீனவ ஊரான தூத்தூரில் இருந்து வருகிற பிள்ளை எழுந்து "ஒக்கி புயல்" என்றாள். 2017 நவம்பர் 30. புயல் எச்சரிக்கை கரையில் இருந்தது, ஆழ்கடலில் கிடந்த படகுகளுக்குப் போய்ச் சேரவில்லை. புத்தகத்தில் இருந்த வெப்சைட் உதாரணத்தை சார் அப்புறம் எடுக்கவே இல்லை.

ஜூலை 9

லேப்பில் வயர்ஷார்க், நெட்வொர்க்கில் போகிறதை ஒட்டுப் பார்க்கும் சாஃப்ட்வேர். தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் பழைய வழியான டெல்நெட்டில் லாகின் செய்துவிட்டு, ஒயரில் என்ன போகிறது என்று பிடித்துப் பார்க்க வேண்டும். தட்டுகிற எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனிப் பாக்கெட், அதாவது சின்னப் பொட்டலம். அவற்றைக் கோத்துக் காட்டும் 'ஃபாலோ டிசிபி ஸ்ட்ரீம்' அழுத்தியதும் யூசர்நேம் இரட்டை இரட்டை எழுத்தாக வந்து விழுந்தது. நாம் அனுப்பும் எழுத்தைத் திரையில் காட்டுவதற்காக சர்வர் திருப்பி அனுப்புகிறது, அதனால் ஒவ்வொன்றும் இரண்டு தடவை. பாஸ்வேர்டைத் திரையில் காட்டுவதில்லை, ஆகவே அது திரும்பி வருவதும் இல்லை. விளைவு, பாஸ்வேர்டு மட்டும் ஒற்றை எழுத்தில் பளிச்சென்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவனிடமிருந்து மறைத்த வேலை, ஒயரைப் பார்ப்பவனுக்கு வாசிக்க வசதியாகிவிட்டது!

டெல்நெட் வேலையையே ரகசிய எழுத்தாக மாற்றிச் செய்யும் எஸ்எஸ்ஹெச்சில் அதையே செய்தால் வெறும் குப்பைதான் தெரிகிறது. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ இப்படிப் பாஸ்வேர்டுகளை உறிஞ்சிய பிறகுதான், 1995-இல் டாட்டு யுலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினாராம்.

ஜூலை 10

சாரல் இல்லை, கொட்டுகிற மழை. காலையில் போன கரண்ட் ராத்திரிதான் வந்தது. படிக்கவில்லை.

ஜூலை 16

மாரிஸ் வோர்ம், 1988 நவம்பர் 2. கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தானாகவே பரவிய புரோகிராம். அது நுழைந்த வழிகள்: மெயில் அனுப்பும் சென்ட்மெயிலில் ஓட்டை, யூசர் விவரம் சொல்லும் ஃபிங்கரில் ஓட்டை, கூடவே லேசான பாஸ்வேர்டுகளை ஊகித்துப் பார்ப்பது. எனக்குப் பிடித்தது வேறொன்று. வோர்மை எழுதிய பையனின் அப்பா ராபர்ட் மாரிஸ், 1979-இலேயே கென் தாம்ப்சனுடன் சேர்ந்து யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பாஸ்வேர்டுகளைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். ஜனங்கள் எவ்வளவு லேசான பாஸ்வேர்டு வைக்கிறார்கள் என்று அதிலேயே கணக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார். வீட்டுப்பாடத்தை இப்படியா செய்வது!

ஜூலை 20

தக்கலையில் சித்தப்பா கடையில் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் "அண்ணே, வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன், ஒரு பிரிண்ட்" என்கிறார்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். ஆதார், பேங்க் பாஸ்புக், பத்திரத்தின் முதல் பக்கம், ஏதோ ஸ்கேன் ரிப்போர்ட். வருஷக்கணக்கில் சேர்ந்து கிடக்கிறது. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. டீ வாங்க அவர் வெளியே போனால் யார் வேண்டுமானாலும் மவுஸைப் பிடிக்கலாம்.

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றேன்.

"அழிச்சுப் போட்டா நாளைக்கு வந்து கேக்கும்போ நீயா மக்களே குடுப்ப?"

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பாட்டி வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு ஏதோ காகிதம் கேட்கிறார்களாம், வீட்டில் வைத்த இடம் தெரியவில்லை. சித்தப்பா பழைய ஃபோல்டரில் தேடி எடுத்து பிரிண்ட் போட்டார். அழித்திருந்தால் பாட்டி மறுபடி வில்லேஜ் ஆபீசுக்கு அலைய வேண்டும். நான் மறைப்பதைப் பற்றியே பேசினேன், சித்தப்பா கிடைப்பதைப் பற்றிப் பேசினார். தூத்தூர்ப் பிள்ளை சொன்ன மூன்றாவதேதான். கேட்டால் இரண்டுமே செக்யூரிட்டிதான், ஆனால் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கிறது.

2022 மே மாதம் நடந்ததும் இதேதான். ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று 27-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது, 29-ஆம் தேதி வாபஸ். கொடுக்காமல் ஊரில் எந்த வேலை நடக்கும்? முதல் எட்டு எண்ணை மறைத்த ஆதாரை டவுன்லோட் செய்யும் வசதி இருக்கிறது, ஆனால் கவுன்டரில் இருப்பவர் முழு எண் தெரிகிற நகலைத்தான் கேட்கிறார்.

ஜூலை 27

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வழிப்போக்காக வருகிறவர்களின் ஃபைல் அன்றைக்கு ராத்திரியே அழியும். "அடுத்த தடவைக்கும் இருக்கட்டு" என்று வாயால் சொல்கிறவர்களுடையது மட்டும் வெராகிரிப்ட் (பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் சாஃப்ட்வேர்) போட்ட பென்டிரைவில், இன்னொரு காப்பி வீட்டு அலமாரியில். பாஸ்வேர்டு மறந்தால் வெராகிரிப்ட் யாருக்கும் திறக்காது, அதற்கு ரிக்கவரி கிடையாது. ஆகவே சித்தப்பா அதை பில் புக்கின் பின்னட்டையில் எழுதியிருக்கிறார். வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். நான் விட்டுவிட்டேன். பில் புக் பூட்டிய மேசைக்குள் இருக்கிறது, சாவி அவர் இடுப்பில். நெட் வழியாக வருகிற திருடனால் பின்னட்டையை வாசிக்க முடியாது.

பாக்கி இருப்பது வாட்ஸ்அப் வெப். அது எந்நேரமும் திறந்தே கிடக்கிறது, சித்தப்பாவின் குடும்ப குரூப்போடு சேர்த்து. சித்தியிடம் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.