பதினோரு மணிக்கு நாத்தம் இருக்காது

31 வருஷம் நகராட்சியில குப்பை கொட்டினேன்னு சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க, ஆனா என் விஷயத்துல அது நிஜம். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு ஊர், பேரு வேண்டாம், அங்க பொது சுகாதாரப் பிரிவுல கிளார்க்கா இருந்தேன். கடைசி ஒன்பது வருஷம் என் மேஜை மேல இருந்தது பூரா குப்பைக் கிடங்கு ஃபைல்தான்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும்ல, அங்க குடுக்குற மனு ரெண்டு மூணு நாள்ல எங்க தபால்ல வந்து விழும். கிடங்குக்குப் பக்கத்துக் காலனியில இருந்து மாசத்துக்கு ஒண்ணாவது வரும், பாதி கைநாட்டு. அதுக்குன்னே கம்ப்யூட்டர்ல ஒரு பதில் ரெடியா வச்சிருந்தேன், தேதியை மட்டும் மாத்துவேன். "மனுதாரர் குறிப்பிட்ட இடம் சுகாதார ஆய்வாளரால் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. ஆய்வின்போது துர்நாற்றம் ஏதும் உணரப்படவில்லை. ப்ளீச்சிங் பவுடர் தூவப்பட்டுள்ளது." அவ்வளவுதான், மனு முடிஞ்சுது.

இது பொய் இல்லைங்கறதுதான் இதுல விசேஷம். எங்க இன்ஸ்பெக்டர் நிஜமாவே போவாரு. காலைல ஆறு மணிக்கு தூய்மைப் பணியாளர்களுக்கு அட்டெண்டன்ஸ் போட்டு, வார்டு சுத்தி, டீ குடிச்சு, கிடங்குக்குள்ள டிராக்டர் டிரிப் சீட்டெல்லாம் பாத்துட்டு, அப்புறமா மனு வந்த தெருவுக்குப் போகும்போது மணி பதினொண்ணு ஆயிடும். அந்த நேரத்துல நாத்தம் பெருசா இருக்காது, இருந்தாலும் முக்கால் மணி நேரம் கிடங்குக்குள்ளயே நின்ன மூக்குக்கு அது தெரியாது. மரத்துப் போயிரும்.

இதை எனக்குப் புரிய வச்சது ஒரு ஆச்சி.

பெரிய வீடு, முகப்புல ஆரம்பிச்சு நடு முற்றம் இருக்குற வளவு, இரண்டாங்கட்டுன்னு போய் பின்னாடி தெருவுல முடியும். பிள்ளைகள்லாம் வெளியூர்ல, ஆச்சி மட்டும், கூட சமையலுக்கு ஒரு அம்மா. எங்க பக்கத்து வீடெல்லாம் காத்து வரணும்னே கட்டினது, வளவுக்கு மேல ஆகாயம்தான், கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம், மழை விழுற மாதிரி நாத்தமும் நேரா உள்ள விழும். வத்தல் காயப் போட்டா வத்தல் தெரியாது, ஈதான் தெரியும்னு சொல்லுவாங்க.

2018ல அவங்க ஆபீசுக்கே வந்துட்டாங்க. என் பதிலோட காப்பியை மேஜை மேல வச்சு, "இது நீங்க எழுதுனதா தம்பி?"ன்னாங்க. ஆமாம் ஆச்சின்னேன். "எத்தனை மணிக்கு வந்து மோந்து பாத்தீக?" எனக்கு பதில் வரலை. பையில இருந்து ஒரு நீள நோட்டு எடுத்தாங்க, செட்டியார் வீட்டுல வரவு செலவுக்கு சிட்டை எழுதுவாங்கல்ல அதே மாதிரி கோடு போட்டு, தேதி, மணி, காத்து எந்தப் பக்கம், என்ன மாதிரி நாத்தம்னு எட்டு மாசத்துக்கு எழுதி வச்சிருக்காங்க. அழுகின முட்டை நாத்தம் ஒரு நாள், பிளாஸ்டிக் எரியுற நாத்தம் ஒரு நாள், ஒண்ணுமில்லாத நாளுக்கு "இல்லை"ன்னும் எழுதியிருந்தாங்க, அந்த "இல்லை"தான் என்னை நம்ப வச்சது.

மணியைப் பாத்தா பூரா ராத்திரி ரெண்டுல இருந்து காலை ஆறரைக்குள்ள. ஆச்சி அந்நேரம் முழிச்சிருந்து எழுதுனாங்களான்னு கேட்டேன். இல்லையாம், அந்த சமையல்கார அம்மா கிடங்கை ஒட்டின காலனி, இருமல் வந்து அவங்கதான் எந்திரிச்சு மணி பாப்பாங்க, காலைல வேலைக்கு வந்து சொல்லச் சொல்ல ஆச்சி எழுதியிருக்காங்க. அந்தம்மா எங்களுக்கு ஏற்கனவே நாலு மனு போட்டவங்கன்னு பின்னாடிதான் ஃபைல்ல பாத்தேன். நாலையும் நான்தான் முடிச்சிருந்தேன். பெரிய வீட்டு நோட்டுல ஏறின பிறகுதான் அதே விஷயம் எங்களுக்கு விஷயமா தெரிஞ்சுது, இதை நான் மறைச்சு எழுத விரும்பலை.

ராத்திரி ஏன்னு பிறகு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல இருந்து வந்த இன்ஜினியர் ஒருத்தர் சொன்னாரு. பகல்ல வெயில்ல தரை சூடாகி காத்து மேல போகும், நாத்தத்தையும் தூக்கிட்டுப் போயிரும். ராத்திரி தரை ஆறிப்போய் குளிர்ந்த காத்து கீழயே படுத்துக்கும், அழுகுற குப்பையில இருந்து வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதான் அந்த அழுகின முட்டை நாத்த வாயு, அதோட சேர்ந்து பாய் விரிச்ச மாதிரி ஊர்ந்து பள்ளத்துப் பக்கம் போகும். காலனி பள்ளத்துலதான் இருக்கு. அவரை காலைல அஞ்சு மணிக்கு வர வச்சதும் அந்த நோட்டுதான். காரை விட்டு இறங்கினவரு கர்ச்சீப்பை எடுத்தாரு, எங்க இன்ஸ்பெக்டரு தலையைக் குனிஞ்சுட்டு நின்னாரு, நான் அவருக்குப் பின்னாடி நின்னேன்.

அப்பவும் ஆபீஸ் லேசுல விடலை. 2016 திடக்கழிவு விதியில கிடங்குக்கும் குடியிருப்புக்கும் 200 மீட்டர் இருக்கணும்னு இருந்துச்சு, குளத்துக்கும் அதே 200தான், எங்க கிடங்குல இருந்து ஊரணி கூப்பிடு தூரம். அது புதுசா அமைக்கிற கிடங்குக்குத்தான்னு பதில் எழுதினோம். கிடங்கு முதல்ல வந்துச்சு வீடு பின்னாடி வந்துச்சுன்னு எழுதினோம். நிதி இல்லைன்னு எழுதினோம், எல்லாம் என் டிராஃப்ட்தான்.

அந்த நிதி இல்லைங்கற வரிதான் எங்களை மாட்டி விட்டுச்சு. காலனிக்காரங்க ஒரு வக்கீலைப் பிடிச்சு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னாடி பொதுத் தொல்லைன்னு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ல போட்டாங்க (2024 ஜூலையில இருந்து வந்த புதுச் சட்டத்துல அது 152). வக்கீல் 1980 ரத்லாம் தீர்ப்பைக் கொண்டாந்தாரு. மத்தியப் பிரதேசத்துல ரத்லாம் நகராட்சி, திறந்த சாக்கடை நாத்தம் தாங்காம ஜனங்க இதே 133ல போக, நகராட்சி பணமில்லைன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கு செல்லாதுன்னுட்டாரு. நான் சர்வீஸ்ல சேர்றதுக்கு முன்னாடியே வந்த தீர்ப்பு, ஒரு ட்ரெயினிங்லயும் யாரும் எங்களுக்கு சொன்னதில்லை. ஆர்.டி.ஓ. விசாரணையில ஒரு காலனிப் பையன் கேட்டான், தெருவுல குப்பை எரிச்சா 5000 ரூபாய் அபராதம்னு போர்டு வச்சிருக்கீங்களே சார், கிடங்கு எரிஞ்சா யாருக்கு அபராதம்னு. எல்லாரும் ஃபைலைப் புரட்டினோம்.

உத்தரவு வந்துச்சு. கொட்டுற குப்பை மேல அன்னன்னைக்கு செம்மண் போட்டு மூடணும், ஊறி வர்ற கறுப்புத் தண்ணி ஊரணிப் பக்கம் போகாம கால்வாய் வெட்டணும், எரியாம பாத்துக்க ராத்திரி வாட்ச்மேன். செலவு பெருசா ஒண்ணுமில்லை, செம்மண்ணுக்கா எங்க ஊர்ல பஞ்சம்! இருந்தும் முதல் லோடு வர மூணு மாசம் ஆச்சு, மேல கையெழுத்து, மறுபடி மேல கையெழுத்து. 2021க்கு அப்புறம் தூய்மை இந்தியா ரெண்டாம் கட்டத்துல காசு வந்து பழைய குப்பையைத் தோண்டி சலிக்கிற வேலை ஆரம்பிச்சுது. தோண்டின முதல் மாசம் நாத்தம் முன்னைவிட மோசம், ஆச்சி நோட்டுல அதையும் ஏத்திட்டாங்க. மேடு பாதி குறைஞ்சுது, மழையில கொஞ்ச நாள் நின்னுச்சு, மறுபடி நடந்துச்சு. காலனியில ராத்திரி இருமல் குறைஞ்சுதான்னு அந்தம்மாகிட்ட கேட்டப்ப, "பரவால்லை சார், வாரத்துல ரெண்டு நாள்தான்"ன்னாங்க.

ஊர்க் குப்பை எங்க போகும், புதுசா வேற ஒரு கிராமத்துல கொட்ட ஆரம்பிச்சாச்சு. நான் ரிட்டயர் ஆகுறதுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது அந்தக் கிராமத்துல இருந்து ஒரு பெரியவர் மனுவோட வந்தாரு. கம்ப்யூட்டர்ல பழைய பதில் அப்படியேதான் இருந்துச்சு, திறந்தும் வச்சிட்டேன். அப்புறம் அவரை உக்காரச் சொல்லி, எத்தனை மணிக்குய்யா நாத்தம் வருதுன்னு கேட்டேன். மனுவை வாங்கிட்டு ஒரு ரசீது குடுத்தா போதும்னு வந்த மனுஷன், என்னை ஒரு மாதிரியா பாத்தாரு. "வெள்ளன கோழி கூப்பிடுற நேரம்யா"ன்னாரு. மனு ஓரத்துல அதை எழுதி, கீழ அவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டேன்.