பத்துப் படம், ஒரே தண்ணீர்: புகைப்படச் செய்முறைத் தேர்வில் இரண்டாம் முறை தேறிய கதை

ஓராண்டு மாலைநேரப் புகைப்படச் சான்றிதழ் படிப்பு. இறுதிச் செய்முறைத் தேர்வுக்குக் கொடுத்த தலைப்பு ஒற்றைச் சொல்: தண்ணீர். முப்பது நாள் அவகாசம். பத்துப் படங்களை அச்சிட்டு எடுத்து வர வேண்டும். பிறகு நேர்முகத் தேர்வு. திருநெல்வேலிக்காரனுக்கு இதைவிட எளிய தலைப்பு உண்டா என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் தாமிரபரணி, பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் குற்றாலம். ஆனி மாதம் வேறு, சாரல் தொடங்கியிருந்தது.

முதல் முறை தேறவில்லை.

பத்தும் அருவிப் படங்கள். ஷட்டர் என்ற கேமராக் கதவை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்ததால் பத்திலும் தண்ணீர் பஞ்சுமிட்டாய். தேர்வாளர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "இது பத்துப் படம் இல்லை தம்பி, ஒரே படத்தின் பத்துப் பிரதி" என்றார். பிறகு ஒன்றைக் கையில் எடுத்து, "இதற்கு ஏன் இரண்டு வினாடி?" என்று கேட்டார். எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்ற உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல் எதையோ உளறினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் குடைந்தது. ஏன் இரண்டு வினாடி? ஏன் ஒன்று இல்லை? ஏன் பத்து இல்லை?

ஆறு மாதம் கழித்து மறுதேர்வு. அதே தலைப்பு. இந்த முறை முதல் வாரம் முழுவதும் தேர்வுக்கென்று ஒரு படமும் எடுக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலுமாகக் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போனேன். மார்கழி விடியல், ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கல்விளிம்பில் முழங்கால் உயரத்துக்கு வழிந்து விழும் இடத்தைப் பார்த்து ட்ரைபாடை நிறுத்தினேன். சட்டகத்தை அசைக்காமல் ஷட்டர் வேகத்தை, அதாவது கதவு திறந்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றி மாற்றி எடுத்தேன்: 1/2000 வினாடியிலிருந்து 8 வினாடி வரை.

குளிக்க வந்த ஆச்சி ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரே இடத்தை எத்தனை தடவை எடுப்பாய்? அது ஓடிக்கொண்டே அல்லவா இருக்கிறது?" என்றார். தேர்வாளர் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

நோட்டில் எழுதியது சுருக்கமாக இது. 1/2000-இல் தண்ணீர் உடைந்த கண்ணாடி. ஒவ்வொரு திவலைக்கும் தனி ஓரம் இருக்கிறது. 1/125-இல் அரைகுறை: உறையவும் இல்லை, ஓடவும் இல்லை, ஏதோ அழுக்குத் துணி தொங்குவதுபோல. கேமராவைத் தானியங்கி நிலையில் விட்டால் பெரும்பாலும் இந்த நடுவேகத்தைத்தான் பிடிக்கிறது. நம் வீட்டு ஆல்பங்களில் அருவிகள் எல்லாம் ஏன் சப்பென்று இருக்கின்றன என்பது அன்றுதான் புரிந்தது. 1/8 முதல் 1/2 வரை நூல் நூலாகப் பிரிகிறது. எந்தக் கல்லில் மோதி எந்தப் பக்கம் திரும்பியது என்று படிக்க முடிகிறது. 8 வினாடியில் பஞ்சு. கல் மேகத்தில் மிதக்கிறது. அழகுதான், ஆனால் அதன் வேகமும் கனமும் போய்விட்டன.

இந்த எண்களை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். தண்ணீர் வேகமாக ஓடினாலோ நீங்கள் கிட்டே போனாலோ அதே நூல்கள் இன்னும் குறைந்த நேரத்திலேயே வந்துவிடும். திருச்செந்தூர்க் கடற்கரையில் அலை ஏறி வரும்போது எடுத்த அரை வினாடிப் படங்கள் வெறும் குழப்பம். அதே அரை வினாடி, அலை பின்வாங்கும்போது மணலில் நுரைக் கோடுகளை வரைந்து தந்தது. உங்கள் ஊர்த் தண்ணீருக்கு உங்கள் நோட்டுத்தான் பாடநூல்.

வெயிலில் மெதுவான வேகம் வைத்தால் படம் வெளுத்துவிடும். அதற்குத்தான் என்டி ஃபில்டர், லென்ஸில் திருகி மாட்டும் கறுப்புக் கண்ணாடி. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். 1/125-இல் சரியாக வரும் வெளிச்சத்தில் ஆறு ஸ்டாப் ஃபில்டரை மாட்டினால் அரை வினாடி, பத்து ஸ்டாப் மாட்டினால் 8 வினாடி. பத்து ஸ்டாப்பில் லென்ஸ் வழியே ஒன்றும் தெரியாது. குவியத்தை (ஃபோகஸ்) முதலில் சரிசெய்து, கைமுறைக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகுதான் திருக வேண்டும். காசு இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். சூரியன் ஏறுவதற்கு முன் போய் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 11 என்று வைத்தால் கால் வினாடி தானாகவே கிடைக்கும். என் பத்தில் ஃபில்டர் போட்டது ஒன்றே ஒன்று.

பளபளப்பை வெட்டும் ஃபில்டரான போலரைசர் மட்டும் வாங்கத் தகுந்தது. நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்படி நின்று அதை மெல்லத் திருப்பினால், மேலே கிடந்த வானத்தின் பளபளப்பு சட்டென்று விலகி, படிக்கல்லில் காலைக் கடிக்க வரும் மீன்குஞ்சுகள் தெரியும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதிபலிப்புக்கு நேர்மாறு: அங்கே பளபளப்புத்தான் நமக்கு வேண்டும். பிசானப் பருவ நெல் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் பனைமரம் தலைகீழாக நிற்கிறது. மூன்று காலை வீணாக்கினேன். பனை மங்கலாகவே வந்தது. காரணம் சின்னது. தானியங்கிக் குவியம் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாற்று நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீரில் தெரியும் பனையோ நீர்மட்டத்தில் இல்லை. கேமராவிலிருந்து நீர் வரை, நீரிலிருந்து மரம் வரை, இரண்டு தூரமும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. குவியத்தை அந்தத் தலைகீழ்ப் பனையின் மீது வைத்ததும் சரியாகிவிட்டது.

அதிக மதிப்பெண் வாங்கித் தந்தது ஆறும் இல்லை, வயலும் இல்லை, எங்கள் சமையலறை. துளி விழுந்து தெறிக்கும் படம். ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1908-இல் நூலாகவே வெளியிட்டார். அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1957-இல் எடுத்த பால்துளிக் கிரீடப் படத்தை நீங்களே எங்காவது பார்த்திருப்பீர்கள். எனக்கு வாய்த்த ஆய்வுக்கூடம் மருந்துக்கடையில் வாங்கிய குளுக்கோஸ் ஏற்றும் குழாய். தண்ணீர்ப் புட்டியை ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டி, குழாயில் இருக்கும் சிறு உருளையைத் திருகினால் துளிகள் ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில் விழும். கீழே கறுப்புத் தட்டில் விளிம்பு தளும்பத் தண்ணீர், அதில் ஒரு கரண்டி பால். பின்னால் நீலச் சார்ட் அட்டை. துளி விழும் இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி அதன் மீது குவியம் வைத்து, கைமுறைக்கு மாற்றி, பென்சிலை எடுத்துவிட்டேன்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். துளியை உறையவைக்க ஷட்டரை 1/4000-க்கு ஏற்றப் பார்க்கிறார்கள். வேண்டியதில்லை. அறையை இருட்டாக்கி, ஷட்டரை 1/200-இலேயே விட்டு, பிளாஷின் சக்தியை 1/64-க்கு இறக்குங்கள். சக்தி குறையக் குறைய பிளாஷ் எரியும் நேரமும் குறைகிறது. வினாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளிச்சம். உறையவைப்பது அந்த வெளிச்சம், ஷட்டர் அல்ல. பிளாஷைத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பாமல் பின்னாலிருக்கும் அட்டையைப் பார்த்துத் திருப்பினால் துளிக்குள் நீலம் இறங்கும்.

மூன்று இரவு, நானூறு படங்களுக்கு மேல். துளி விழுந்தவுடன் அழுத்தினால் கிரீடம். ஒரு கணம் தாமதித்தால் பள்ளம் மூடி நடுவிலிருந்து ஒரு தூண் எழும். எழுந்த தூணின் உச்சியில் அடுத்த துளி வந்து மோதினால் குடை விரியும். அந்தக் குடை எனக்கு இரண்டே முறை சிக்கியது. "தோசைக்கு ஊற்ற வேண்டும், அடுப்படியைக் காலி செய்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது ஒன்று.

எனக்கு இன்றும் உடன்பாடில்லாத ஒரு தீர்ப்பும் உண்டு. தெருக்குழாயடியில், தண்ணீர் வருவதற்கு முன், வரிசையில் நிற்கும் வெறும் பிளாஸ்டிக் குடங்களை எடுத்திருந்தேன். பத்தில் எனக்குப் பிடித்த படம் அதுதான். "இதில் தண்ணீர் எங்கே?" என்றார் தேர்வாளர். அதுதானே ஐயா விஷயம் என்றேன். மதிப்பெண் குறைந்தது. தேர்வு என்று வந்துவிட்டால் இப்படிப்பட்ட படம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்றையும் விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சில எச்சரிக்கைகள். படித்துறையிலும் அருவியிலும் மக்கள் குளிக்கிறார்கள். அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பினால் சண்டை வரும், வரத்தான் வேண்டும். விடியலில், ஆள் வருவதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு சொல்லாமல் ஏறும். பாசிக்கல்லில் ட்ரைபாடோடு நிற்கும்போது அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு வைப்பது நல்லது. ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கேமராவை எடுக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். பையிலேயே அரை மணி நேரம் கிடக்கட்டும். கடற்கரையிலிருந்து வந்தால் முதலில் ஈரத்துணி, பிறகு உலர்துணி. உப்பை உலர்ந்த துணியால் தேய்த்து என் லென்ஸ் மூடி முழுவதும் கீறல்.

நேர்முகத் தேர்வில் நோட்டையும் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கேட்ட முதல் கேள்வி அதே பழைய கேள்விதான்: ஏன் இந்த வேகம்? கல்விளிம்புப் படத்துக்கு, "1/8-இல் நூல் நன்றாக வந்தது, ஆனால் வலப்பக்கச் சுழி தெரியவில்லை, 1/2-இல் சுழி முழு வட்டமாக வந்தது" என்று இரண்டு சிறு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் நோட்டை வாங்கிப் புரட்டி, 8 வினாடிப் பக்கத்தில் நிறுத்தி, "இதை ஏன் சேர்க்கவில்லை? நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்.

"போன தடவை இதைத்தான் ஐயா பத்து கொண்டுவந்தேன்."

சிரித்தார். 71 மதிப்பெண். அச்சுக்குத் தனியாக ஐந்து மதிப்பெண் உண்டு. அதில் எனக்கு இரண்டுதான் கிடைத்தது. பளபளப்புத் தாளில் போட்டதால், ட்யூப்லைட் வெளிச்சத்தில் துளிப் படத்தின் கறுப்பெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. மேட் தாளில் போடுங்கள். கடைசி நாளுக்கு முன்னால் ஒன்றாவது போட்டுப் பாருங்கள்.