எனக்கு இன்னும் வயதாகவில்லை

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு போனைத் திறந்தேன். பழைய கறுப்பு வெள்ளை வீடியோ ஒன்று வந்தது.

மைக் முன்னால் ஒரு பெண். கையை வீசவில்லை, இடம்விட்டு அசையவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பாடுகிறாள். அந்த அமைதிதான் என்னை நிறுத்திவிட்டது.

ஜில்யோலா சின்க்வெத்தி. இத்தாலியின் வெரோனா ஊர்ப் பெண். 1963இல் காஸ்த்ரோகாரோ பாட்டுப் போட்டியில் ஜெயித்தாள். அடுத்த வருடம் சான்ரெமோ பாட்டுத் திருவிழாவில் முதலிடம். மார்ச்சில் கோபன்ஹேகனில் யூரோவிஷன், அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டி.

அங்கே அவளுக்கு 49 புள்ளிகள். இரண்டாவதாக வந்த பிரிட்டனுக்கு 17. இத்தாலிக்கு அதுதான் முதல் யூரோவிஷன் வெற்றி.

வயது 16!

பாட்டின் பெயரே 'எனக்கு இன்னும் வயதாகவில்லை' என்பதுதான். உன்னைக் காதலிக்க எனக்கு வயது போதாது, நான் வளரும்வரை காத்திரு என்று ஒரு சிறுமி சொல்கிறாள். முப்பது வயதுக்காரர் பாடியிருந்தால் அது நடிப்பு. இவள் பாடும்போது அது வெறும் உண்மை.

அன்றைய நிகழ்ச்சியின் முழு வீடியோ பதிவு இன்று கிடைப்பதில்லை. ஜெயித்த பிறகு மறுபடி பாடினாளே, அந்தக் காட்சி தப்பியிருக்கிறது. நல்லவேளை.

அப்புறம் 2022 வீடியோவையும் தேடிப் பார்த்தேன். துரின் நகரில் யூரோவிஷன் இறுதிச் சுற்று. அதே பாட்டு, இப்போது 74 வயதில். கண் கலங்கிவிட்டது.

என் மகளுக்கும் 16தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அந்த முதல் வீடியோவை இன்னொரு தடவை போடேன்."