கிளினிக் நாளுக்கு ஒரு பேர்

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பிரஷர் குளிசையை இடையில் விட்டுவிட்டால் "சொன்னால் கேட்காத சனம்" என்று பேசுவார்கள், அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

என் பெரியம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். ஒழுங்காகப் போன மாதங்களில் 130/80, 134/84 என்று இருக்கும். கொழுந்து அதிகமாக வரும் காலத்தில் தேதியே இருக்காது, அதற்கு அடுத்த வரியில் 172/100. கிளினிக் வார நாளில்தான். விடிய முதல் பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்குப் போய், நம்பர் எடுத்து, மருந்து வாங்கித் திரும்பும்போது பின்னேரமாகிவிடும், அன்றைய பேரும், அதாவது அன்று வேலை செய்ததாகப் போடும் கணக்கும், போய்விடும். தலைவலியோ மயக்கமோ இல்லாத ஒரு வருத்தத்துக்காக ஒருநாள் சம்பளத்தை விட யாருக்கு மனசு வரும்? அதோடு, மலை ஏறி இறங்குற உடம்புக்கு என்ன வரப்போகுது என்ற நம்பிக்கை வேறு.

வரத்தான் செய்கிறது. 1948இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைப் பதிந்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்துதான், பிரஷரும் கொலஸ்ட்ரோலும் புகைத்தலும் இதயத்தை எப்படிக் கெடுக்கின்றன என்று தெளிவாகக் காட்டினார்கள். பிறகு 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் முடிவுகள் 2004இல் வந்தன. முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் பெரும்பங்கு ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது, அதில் பிரஷரும் ஒன்று. அதே ஆய்வுத் தரவுகளின்படி, மற்ற நாட்டவர்களைவிட நம் தெற்காசிய ஆட்களுக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ ஆறு வருடம் முந்தி வருகிறது. ஆறு வருடம் என்றால் பிள்ளையின் படிப்பு முடியும் முன்பே என்று அர்த்தம்.

சரி, சிகிச்சை பலன் தருமா? இதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பிரஷர் நோயாளிகளை வைத்து இரண்டு வருடம் ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2020இல் வெளியானது. அரசாங்கச் சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிப் போய்ப் பிரஷர் பார்த்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இப்படிக் கவனிக்கப்பட்டவர்களின் மேல் அளவு சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் ஊர் முழுவதற்கும் அவ்வளவு குறைந்தால் எத்தனை பக்கவாதமும் மாரடைப்பும் தவிர்ந்துபோகும்! அதற்கு முன் 2018இல் வந்த இன்னொன்று இலங்கையிலேயே 700 பேரிடம் செய்தது: மூன்று மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் சுமார் 70 வீதமானோர் இலக்குக்கு வந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 55 வீதம்தான்.

கருவாட்டையும் உப்பையும் குறைக்கச் சொல்வது சரிதான், புகையிலை போட்ட வெற்றிலையை விடச் சொல்வதும் சரிதான். ஆனால் குளிசை கைக்கு வரும் வழியை யார் சரிசெய்வது? லயத்து வீடுகளுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் ஒரு பிரஷர் மெஷினைக் கொடுக்கலாம், பிரஷர் அடங்கியிருப்பவர்களுக்கு இரண்டு மாத மருந்தைச் சேர்த்துத் தரலாம், கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே மாதம் ஒருநாள் பிரஷர் பார்க்கலாம். அப்புறம், சம்பளம் பேசப் போகும் சங்கத் தலைவர்மாரே, கிளினிக் கொப்பியில் சீல் இருந்தால் அன்றைக்குப் பேர் போட வேண்டும் என்று இந்தத் தடவை கேளுங்கள்.