ஒரே ஊற்றில் வார்த்த குதிரைவீரன்

பாரிஸின் வாந்தோம் சதுக்கத்தில் இன்று நெப்போலியனின் தூண் நிற்கும் இடத்தில், 1699 முதல் பிரான்சுவா ஜிரார்தோன் வடிவமைத்த பதினான்காம் லூயியின் குதிரைச் சிலை நின்றது. ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் கொண்ட அந்த வெண்கலச் சிலையை, சூரிக்கில் பிறந்த வார்ப்புக் கலைஞர் பல்தசார் கெல்லர், 1692ஆம் ஆண்டின் இறுதியில், அரசனையும் குதிரையையும் சேர்த்து ஒரே ஊற்றில், அதாவது உருகிய உலோகத்தை ஒரே தடவையில் ஊற்றி, வார்த்து முடித்தார்.

மெழுகு உருவின்மேல் மண்பூச்சு ஏற்றி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிய பின், அந்த வெற்றிடத்தின் மூலைமுடுக்கெல்லாம் உலோகக் குழம்பு உறைவதற்குள் சென்று சேரவும், அடைபடும் காற்று வெளியேறவும் முன்கூட்டியே வழிகள் அமைத்திருக்க வேண்டும். எங்கேனும் ஓர் அடைப்பு ஏற்பட்டால் பல ஆண்டு உழைப்பு பாழாகிவிடும். ரோமானியப் போருடையும் தன் காலத்துப் பொய்முடியும் அணிந்த அரசனின் கம்பீரத்தைவிட, இந்தத் துணிவே என்னை அதிகம் கவர்கிறது.

1792இல் புரட்சியாளர்கள் சிலையைத் தகர்த்தார்கள். எஞ்சியவற்றுள் அரசனின் இடது பாதம் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. கட்டடக் கலைஞர் ஜெர்மேன் போஃப்ரான், வார்ப்பின் படிநிலைகளை விரிவான படங்களுடன் 1743இல் நூலாக்கியதால், கெல்லரின் செய்முறையை இன்றும் நாம் படிப்படியாகப் பின்தொடர முடிகிறது.