காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட்டா? எவர்சில்வரில் விழுந்த என் அரியர்

டிப்ளமோ மெக்கானிக்கலில் எனக்கு விழுந்த ஒரே அரியர் மெட்டீரியல் பேப்பர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகளையும் பயன்களையும் எழுதச் சொல்லிக் கேள்வி வந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பாதிக்கு மேல் வீட்டு ஞானம்: துருப்பிடிக்காது, காந்தம் ஒட்டாது, ஒட்டினால் டூப்ளிகேட். அம்மா வடசேரியில் பாத்திரம் வாங்கப் போனால் பையில் காந்தம் இருக்கும். எனக்கும் அதுதான் பாடப்புத்தகம்.

அடுத்த முறைக்குப் படித்தது முட்டத்தில் மாமாவின் வெல்டிங் பட்டறையில். கடலில் ஓடும் போட்டிலிருந்து கழற்றிய ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தார். தலை பளபளவென்றுதான் இருந்தது. வாஷரை நகர்த்தினால் அடியில் ஊசியால் குத்தியது போலக் குழிகள், ஓரமெல்லாம் தேயிலைக் கறை நிறம்.

"304 மக்கா. மேல மினுங்கும். அடியில பாத்தியா?"

304, 316 எல்லாம் எவர்சில்வர் ரகங்களின் எண்கள். எந்த ரகமானாலும் எவர்சில்வரைக் காப்பது குரோமியம். குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகும். கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். வாஷருக்கு அடியில் உப்புத்தண்ணீர் தேங்கும், ஆக்சிஜன் போகாது. உப்பிலிருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கிறது, உடைந்தது மூடுவதில்லை. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பது இதைத் தாங்கத்தான். அதற்காக 316-ஐக் கடலில் முக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. இடுக்கு கிடைத்தால் அதுவும் அரிக்கும்.

விடைத்தாளில் முதல் பத்தியாக இந்தப் படலத்தை எழுதுங்கள். பிறகு வகைகளுக்குப் போங்கள்.

ஆஸ்டெனிட்டிக் வகையில் 304: குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். அறை வெப்பத்திலும் ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்பு கலையாமல் பிடித்து வைப்பது நிக்கல். காந்தம் ஒட்டாததற்குக் காரணம் அந்த அமைப்புதான். பால் டேங்கர், உணவுத் தொழிற்சாலை, ரசாயனக் கலன் எல்லாவற்றிலும் இருக்கும். வெப்பப் பதனத்தால் இதைக் கடினமாக்க முடியாது. வைவாவில் பலரும் விழும் இடம் இது.

ஃபெரைட் என்ற படிக அமைப்புள்ள ஃபெரிட்டிக் வகையில் 430: குரோமியம் 16 முதல் 18 சதவீதம், நிக்கல் அநேகமாக இல்லை. காந்தம் நன்றாக ஒட்டும், ஆனாலும் அசல் ஸ்டெயின்லெஸ்தான். வாஷிங் மெஷின் டிரம்மில் பார்க்கலாம். நிக்கலில் ஒரு பங்கைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 202-இலோ காந்தம் ஒட்டாது, துரு மட்டும் 304-ஐ விடச் சீக்கிரம் ஏறும். ஆக, அம்மாவின் சோதனை 430-ஐத் தள்ளிவிட்டு 202-ஐ வீட்டுக்குக் கூட்டி வருகிறது! நல்ல 304-கூட அழுத்தி வளைத்த மூலையில் லேசாகக் காந்தத்தை இழுக்கும்.

மார்ட்டென்சிட்டிக் வகையில் 410, 420. கார்பன் கூடுதல், குவெஞ்ச் செய்தால், அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால், கடினமாகும்: கத்தி, அறுவைக் கருவி, பம்ப் ஷாஃப்ட். இரண்டு அமைப்பும் கலந்த டூப்ளெக்ஸ் வகைக்கு 2205 ஒன்று போதும்: ஃபெரைட்டும் ஆஸ்டெனைட்டும் ஏறத்தாழப் பாதிப்பாதி, ஈல்டு வலிமை (நிரந்தரமாக வளையாமல் தாங்கும் அளவு) 304-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, எண்ணெய்க் கிணற்று மேடை என்று எழுதுங்கள். கடைசி ரகமான 17-4 பிஎச்சுக்கு இரண்டு வரி போதும். செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து வலுவூட்டும். விமானப் பாகங்களுக்குப் போகும்.

மதிப்பெண் தேறும் இன்னொரு இடம் வெல்டு டிகே, அதாவது வெல்டிங் சூட்டால் பக்கத்தில் வரும் அரிப்பு. மாமா ஒரு தடித்த ஃபிளாஞ்சை (குழாயை இணைக்கும் விளிம்பு வளையம்) காட்டினார். துரு வெல்டிங் கோட்டில் இல்லை. ஒரு விரற்கடை தள்ளி, இரண்டு பக்கமும் பட்டையாக ஓடியது. அந்தப் பட்டைதான் 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிடந்த பகுதி. அங்கே கார்பன் குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாக்கி, படிக எல்லைகளில் குரோமியத்தைப் பஞ்சமாக்கிவிடும். தீர்வு, கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாத 304எல், அல்லது கார்பனை டைட்டானியம் பிடித்துக்கொள்ளும் 321. வெல்டிங் கோட்டையும் இருபுறப் பட்டையையும் படமாக வரையுங்கள். அரியரைத் தூக்கியபோது நான் வரைந்த ஒரே படம் அதுதான்.

அம்மாவிடம் 430 பற்றிச் சொல்லிப் பார்த்தேன். காந்தம் இன்னும் பையில்தான் இருக்கிறது.